கடைசிக்கு வைத்த ஐஸ் பக்டரி

உன் தம்பி போன கிழமை வந்து என்னுடைய ஹெல்மெட்டைத் தந்துவிட்டுப் போனான். உன் ஸ்கூட்டியின் பின்சீற்றில் ஏறும்போதெல்லாம் நான் போட்டுக்கொண்ட அதே சிவப்பு ஹெல்மெட். இடது காதுப் பக்கம் பூவரசங்கொப்பு கீறிய தழும்பு, நாடி வாரில் நான் கறுப்பு நூலால் போட்ட தையல், எல்லாம் அப்படியே இருந்தன.

"புஷ்பராணியக்கா வீட்டிலை கிடந்தது. ஐஸ் பக்டரிக்குப் போட்டு வந்த அண்டைக்கு எங்கடை அக்கா அங்கை விட்டிட்டு வந்திட்டாவாம். உங்கடை எண்டு சொல்லித் தந்துவிட்டவ" என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

அவன் படலையைச் சாத்திக்கொண்டு போனான். பிறகு ஹெல்மெட்டைக் கவிழ்த்து மூக்கை உள்ளே விட்டேன். நான் தலைக்கு வைப்பது தேங்காயெண்ணெய் என்பது உனக்குத் தெரியும். உள்ளே மணத்தது நல்லெண்ணெய். கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். யாரோ ஒருத்தியின் தலை என் ஹெல்மெட்டுக்குள் போய் வந்திருக்கிறது. யாருடைய தலை என்று யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

எடி, நீ போய் இன்னும் முப்பத்தோராம் நாள் கிரியைகூட முடியவில்லை. செத்தவளோடு கோபிக்கக் கூடாது என்று என் மனுசன் சொல்கிறார். கோபம் என்றால் அடக்கிக்கொள்வேன். இது பொறாமை. ஐஸ் பக்டரிக்கு, அதுவும் புஷ்பராணியோடு, அதுவும் என்னுடைய ஹெல்மெட்டோடு! வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதத் தொடங்குகிறேன், நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பதினைந்து வருடமாவது இருக்கும், நாங்கள் இப்படிச் சுற்றத் தொடங்கி. நீ ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற மிஸ்ஸி. எந்த வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்த உனக்கு எந்த வீட்டில் ஒருவருமே இல்லை என்பதும் தெரிந்திருந்தது. நான் சுன்னாகத்தில் புடவைக்கடை ஒன்றில் காசாளர். கிழமை முழுவதும் சனத்தின் முகத்தைப் பார்த்து அலுத்தவள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்த கையோடு எங்கள் படலையடியில் உன் ஹோர்ன் கேட்கும். நான் கை துடைத்தது பாதி துடைக்காதது பாதியாக ஓடிவருவேன்.

"மற்றவை விட்டிட்டுப் போன வீட்டைப் பாக்கிறதுக்கு பெற்றோல் அடிச்சுக்கொண்டு போற ரெண்டு விசரியளை இந்த யாழ்ப்பாணத்திலை வேறை எங்கையும் காணேலாது" என்று என் மனுசன் சொல்வார். நீ ஸ்கூட்டியை நிற்பாட்டாமலே, "நீங்களும் வாங்கோவன் அத்தான், உங்களையும் ஒரு வீட்டிலை விட்டிட்டு வாறம்" என்பாய்.

எனக்குப் பிடித்தது வீடுகள். கூரை போன வீடுகளில் அடுப்படிப் புகைக்கூடு மட்டும் நிமிர்ந்து நிற்கும். சிவப்புச் சீமெந்து நிலத்தில் சருகைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் நடுவெயிலிலும் குளிர்ந்திருக்கும். இதுதான் சாமியறை, இங்கேதான் கட்டில் கிடந்திருக்கும், இந்த யன்னலடியில் ஒரு குமர்ப்பிள்ளை நின்று சீப்பால் தலை இழுத்திருப்பாள் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். உனக்கு அதில் பொறுமை இல்லை. உனக்கு வேண்டியதெல்லாம் ஆட்கள் வேலை செய்துவிட்டுப் போன இடங்கள்: எண்ணெய் மில், பூட்டிய கூட்டுறவுச் சங்கக்கடை, புகையிலை போடுகிற குடில், தண்டவாளம் கழற்றிய ஸ்டேசன். "வீடு எண்டால் ஆரோ அழுத இடம். மில் எண்டால் ஆரோ சம்பளம் எடுத்த இடம். எனக்குச் சம்பளம் எடுத்த இடந்தான் வேணும்" என்பாய். ஒரு ஞாயிறு எனக்கு, மறு ஞாயிறு உனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். மிதிவெடி என்று சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட பக்கம் மட்டும் இரண்டு பேருமே போகவில்லை.

பூட்டிக் கிடந்த அந்தத் தியேட்டர் நினைவிருக்கிறதா? ரிக்கற் கொடுக்கிற ஓட்டைக்குப் பின்னால் நான் போய் இருந்துகொண்டேன். நீ வெளியே நின்று கையை உள்ளே விட்டு, "ரெண்டு கலரி தாங்கோ" என்றாய். "ஹவுஸ்புல்" என்றேன். "அப்ப படம் நல்லமோ?" என்று கேட்டாய். நான் வாய்க்கு வந்த ஒரு கதையைச் சொல்லத் தொடங்க, நீ வெயிலில் கையை ஓட்டைக்குள் விட்டபடியே முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாய். அந்தக் கதையை இன்னொருத்தி உனக்குச் சொல்லியிருக்க முடியாது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும்.

எந்த இடத்துக்குப் போனாலும் நீ நேரே உள்ளே போனதில்லை. வீடென்றால் படலை இருந்த இடத்தில் நின்று, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவாய். வேலை செய்த இடமென்றால், "வேலை நடக்குதோ?" என்று கேட்பாய். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாய். முள்ளும் பற்றையும் மூடி, கதவில்லாமல், யன்னலில்லாமல் கிடக்கிற இடத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவளோடு நிற்க எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. "அது பழக்கமடி. கூப்பிடாமல் ஒரு வளவுக்கை கால் வைக்க எனக்கு வராது" என்றாய். திரும்பி வரும்போது "போட்டு வாறம்" என்றும் சொல்லுவாய். நான் உனக்குப் பின்னால் நிற்பேன். ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை.

அப்படிக் கூப்பிட்டுத்தான் புஷ்பராணியை நாங்கள் தேடிப்பிடித்தோம். தெல்லிப்பழைக்கு வடக்கே, ஆமி விட்டுக்கொடுத்த காணிகளுக்குள் ஒரு வீடு. முன்பக்கம் முழுவதும் நாயுண்ணிப் பற்றை. கூரையில் பாதி இல்லை. அது என்னுடைய ஞாயிறு, அதனால் வீட்டைத் தெரிவு செய்ததும் நான்தான். நீ இரண்டு தரம் கூப்பிட்டாய். ஒரு சத்தமும் இல்லை. பற்றையை விலக்கிக்கொண்டு போய், முன் அறையில் கால் நீட்டி இருந்து, கொண்டுபோன கொய்யாப்பழத்தைக் கடித்தபடி நான் வாயைத் திறந்தேன்.

"ஆரப்பா இந்தச் சோம்பேறியள்? இப்பிடி ஒரு அருமந்த வீட்டை விட்டிட்டு எந்த நாட்டிலை குளிருக்கை கிடக்கினம்?"

"நான்தாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் எங்கயும் போகல்ல. இங்கதான் இருக்கன்."

திரும்பிப் பார்த்தால், கையில் கத்தியும் பாதி வெட்டிய பூசணிக்காயுமாக ஒரு மனுசி. எங்கள் வயதுதான் இருக்கும். இந்தியாவில் முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவள். பின்பக்கத்து அறை ஒன்றுக்குத் தகரம் போட்டுக்கொண்டு தனியே இருந்தாள். முன்பக்கத்தைத் துப்புரவாக்கக் கை வரவில்லை என்று அப்படியே விட்டிருந்தாள். எனக்குக் கொய்யாப்பழம் தொண்டைக்குள் நின்றது. நீ சிரிக்கத் தொடங்கினாய்.

"கூப்பிட்டனாங்கள் அக்கா, கேக்கேல்லையோ?" என்றாய்.

"கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடுறீங்க எண்டு நினைச்சன். வந்து ரெண்டு வருசத்தில இந்தப் படலையில நிண்டு ஆரும் வீட்டுக்காரர் எண்டு கூப்பிட்டதில்ல."

பக்கத்து வீட்டுக்குச் சுவரே இல்லை, எடி. அதைப் பார்த்துவிட்டு நீ சிரிப்பை நிறுத்தினாய். அவள் தேத்தண்ணி போட்டாள். பனங்கட்டி நறுக்கி வைத்தாள். உனக்குக் கோப்பையில் தந்தாள், எனக்குப் பழைய ஜாம் போத்தலில் தந்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு உன் ஹோர்ன் கேட்கவில்லை. புஷ்பராணியின் முன்வளவில் நின்று நாயுண்ணி வெட்டிக்கொண்டிருந்தாயாம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு, இரண்டு ஞாயிறு அவளுக்கு என்று வந்து நின்றது. ஆளில்லாத இடம் பார்க்க வெளிக்கிட்டவள் ஆளிருக்கிற வீட்டில் போய்க் குந்திக்கொண்டாய். "உனக்கு இப்ப வெறும் வீடுகள் பிடிக்கிறேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன், வாய் கோணிக்கொண்டுதான் கேட்டேன்.

"இத்தனை வருசமாக் கூப்பிட்டதிலை ஒரு வீடுதானடி என்ன எண்டு கேட்டது" என்றாய்.

நான் இத்தனை வருடமும் உனக்குப் பின்னால்தான் நின்றேன் என்று சொல்ல வாய் உன்னியது. நீ அவளையும் சில இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனதை நீயே சொன்னாய். ஒரு மில்லைப் பார்த்ததாகச் சொன்னாய். அந்த மில் என்னோடு பார்த்த மில். போகட்டும் என்று விட்டேன். நீ அவளுக்குக் காட்டாத ஒன்று என்னிடம் இருந்தது, அந்தத் தைரியம்தான்.

அதுதான் ஐஸ் பக்டரி. வடகரையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கட்டடம். மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டி செய்த இடம். சுவரெல்லாம் உப்புப் பொரிந்து, தடித்த கதவு ஒரு பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருப்பது றோட்டில் இருந்தே தெரியும். நீ முதலில் அதைக் கண்ட அன்று ஸ்கூட்டியை நடு றோட்டில் நிற்பாட்டிவிட்டாய். நான் இறங்கப் போனேன். நீ விடவில்லை. "உதைக் கடைசிக்கு வைப்பம்" என்றாய். பள்ளிக்கூடத்தில் பாயசம் தரும்போதும் நீ கஜுப்பருப்பையெல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசியாகத் தின்கிறவள். அது தெரிந்தபடியால் நானும் ஓம் என்றேன். எல்லா இடமும் பார்த்து முடித்தபிறகு, இரண்டு பேருமாக, அந்த ஒன்று. அதற்குப்பிறகு எத்தனையோ தரம் அந்த வழியால் போனோம். ஒவ்வொரு தரமும் நான் உன் தோளில் தட்டி, "இண்டைக்கு?" என்பேன். "இன்னும் இடம் கிடக்கடி" என்பாய்.

பிறகு உனக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது. கொழுப்பில்லாத உன் உடம்பில் அது கெதியாகப் பரவியது. மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது. நீ தலைக்குத் துணி கட்டிக்கொண்டாய். கடை பூட்டியதும் நான் பஸ்ஸில் வந்து உன் கட்டிலடியில் இருப்பேன். அறை முழுவதும் ஆஸ்பத்திரி மருந்து வாசம். "ஒருக்கா எண்டாலும் வெளிக்கிடுவமோ? ஓட்டோ பிடிக்கட்டோ?" என்று கேட்டேன். "ஏலாதடி. எழும்பி இருக்கவே ஏலாமல் கிடக்கு" என்றாய். நான் நம்பினேன். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேன்.

எழும்பி இருக்கவே ஏலாதவள் ஐஸ் பக்டரிக்குப் போயிருக்கிறாள்!

ஹெல்மெட்டைக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்தேன். நல்ல வெயில். ஒருநாள் வைத்தேன், வாசம் போகவில்லை. மறுநாளும் வைத்தேன். அடுத்த நாள் உள்பஞ்சைப் பிரித்து வெளியே இழுத்து வெயில் படவிட்டேன். "உதென்ன, வடகமோ காயவைக்கிறாய்?" என்று மனுசன் கேட்டார். பஞ்சை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். அவளுடைய எண்ணெய் என் ஹெல்மெட்டை விட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் என் யோசனை. பின்னேரம் மணந்து பார்த்தேன். முக்கால்வாசி போயிருந்தது. அந்தத் துணிவோடு ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாளே அவளிடம் போனேன். கேட்காமல் விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பற்றை இருந்த இடமெல்லாம் மிளகாய்க் கன்று நிற்கிறது. படலைக்குப் புதுத் தகரம் அடித்திருக்கிறாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடுவது எப்போதும் உன் வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டுக்காரர்!" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓம், வாறன்!" என்று உடனே பதில் வந்தது. நான் வாயை மூடக்கூட இல்லை.

இந்தத் தரம் எனக்கும் கோப்பையில்தான் தேத்தண்ணி தந்தாள். நான் குடிக்காமல், ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஐஸ் பக்டரிக்குப் போனனீங்களாம்."

"ஓம். அவதான் கேட்டா. ஸ்கூட்டிய நான்தான் ஓடினன். அவவுக்குக் கையில பலம் இல்லத்தானே."

முகாமில் இருந்த காலத்தில் மொபெட்டில் மீன் கொண்டுபோய் விற்றவளாம். அதையும் அப்போதுதான் அறிந்தேன். நீ எனக்கு எத்தனை தரம், "ஓடப் பழகடி" என்று சொல்லியிருப்பாய். "நீ இருக்கிறாய்தானே" என்று சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறிக்கொள்வேன்.

"அதுக்கு என்ரை ஹெல்மெட்தானோ கிடைச்சது?" என்றேன்.

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "நான் போட்டது அவவின்ர நீல ஹெல்மெட்ட. இத அவதான் போட்டுக்கொண்டு பின்னால இருந்தா. அவவின்ர எனக்கு இறுக்கமா இருந்தது, மாத்துவமா எண்டு கேட்டன். 'வேண்டாம், உது அவளின்ரை. நான் போடுறன்' எண்டு தலைத்துணிய அவிழ்த்துப்போட்டு மாட்டிக்கொண்டா."

"எண்ணெய்?" என்று கேட்டேன்.

"அது நான் காய்ச்சிக் குடுத்ததுங்க. கருஞ்சீரகம் போட்டா முடி முளைக்கும் எண்டு. அவ சிரிச்சுக்கொண்டுதான் பூசினவ."

மூன்று நாள் வெயில், எடி. உள்பஞ்சையும் இழுத்துப் போட்டு. உன் தலையில் கடைசியாக மிஞ்சியிருந்த வாசத்தை நானே கிணற்றுக்கட்டில் வைத்து, போ போ என்று விரட்டியிருக்கிறேன். புஷ்பராணிக்கு முன்னால் அழக்கூடாது என்று வந்தவள் அவளுக்கு முன்னாலேயே அழுதேன். அவள் கிட்ட வரவில்லை. மிளகாய்க் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக மட்டும் அவளுக்கு ஒரு புள்ளி போடலாம்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவளிடம் கேட்டேனா உன்னிடம் கேட்டேனா தெரியாது.

"நானும் கேட்டன். அக்காவையும் வரச்சொல்லுவம், ஓட்டோவில வரட்டும் எண்டு. 'அவளோடை போனால் அது கடைசி ஆயிடும், வேண்டாம்' எண்டா. எனக்கு விளங்கல்ல. உங்களுக்கு விளங்குதா?"

விளங்கியது. புஷ்பராணியோடு போனால் அது ஒரு பின்னேரச் சுற்று. என்னோடு போனால் எல்லாம் முடிந்ததாகிவிடும். விளங்கியவுடனேயே மறுபடியும் எரிந்தது. அதையும் அவளுக்குத்தானே சொல்லியிருக்கிறாய்! எனக்குச் சொல்ல வேண்டிய ஒரே வசனம், அதைப் போய் அதன் தலையும் வாலும் விளங்காத ஒருத்தியிடம் சொல்லிவைத்திருக்கிறாய். எனக்கு நேரே சொன்னால் நான் ஒப்பாரி வைத்திருப்பேன் என்பது உண்மைதான். என்றாலும் எனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

"உள்ளுக்கு என்ன இருந்தது எண்டு சொல்லவா?" என்றாள் புஷ்பராணி.

"வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் முற்றத்தில் மேய்ந்த கோழி ஓடியது. பிறகு குரலைத் தணித்து ஒன்று மட்டும் கேட்டேன். "வேலை நடக்குதோ எண்டு கேட்டவவோ?"

"கேட்டா. கேட்டுப்போட்டுக் கனநேரம் நிண்டா."

அது போதும். எழும்பினேன். "அந்த எண்ணெய் இன்னும் அரைப் போத்தல் கிடக்கு, கொண்டுபோங்க" என்று எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கவில்லை. எண்ணெய் வாசம் எந்தப் போத்தலிலும் இருக்கும். படலையில் வைத்து, "ஹெல்மெட்ட ஒருக்காத் தாங்க, மணந்து பாத்திட்டுத் தாறன்" என்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கொடுக்கவில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்றேன். "போட்டு வாங்க" என்றாள்.

இப்போது ஹெல்மெட் ஒரு பொலித்தீன் பைக்குள் வாய் கட்டி என் அலுமாரியில் இருக்கிறது. நான் போடுவதில்லை, என் தேங்காயெண்ணெய் அதை ஒரே நாளில் தின்றுவிடும். இனிக் கிழமைக்கு ஒரு தரம் மட்டும் கட்டை அவிழ்த்து, கெதியாக மணந்துவிட்டு, திரும்பக் கட்டிவிடுவேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உன் ஸ்கூட்டியைத் தம்பி எனக்குத்தான் தந்திருக்கிறான். புஷ்பராணிக்குத் தரவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நீ சிரிப்பாய். கோயில் வீதியில் மனுசன் பின்னால் ஓடி ஓடிப் பழக்குகிறார். இந்த வயதில் உனக்கு இது தேவையோ என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஓடப் பழகியதும் நான் வீடுகளுக்குப் போவேன். மில்லுக்கும் போவேன், உன்னுடைய ஞாயிறுகளை விடமாட்டேன். படலையில் நின்று கூப்பிடுவேன். ஆனால் கடற்கரைக்குத் திரும்புகிற முடக்கு வரும்போது திரும்பமாட்டேன். பின்சீற்றில் இருந்து யாரும் தோளில் தட்டி "இண்டைக்கு?" என்று கேட்கப்போவதில்லை. கேட்டாலும், "இன்னும் இடம் கிடக்கடி" என்று சொல்லுவேன். புஷ்பராணிக்கு அது பார்த்து முடித்த இடம். எனக்கும் உனக்கும் சேர்ந்து பார்க்க இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. அது அவளிடம் இல்லை.